ஆறப் பொறுத்தல்

"உனக்குள்ள ஏதோ பின்மாற்றம் வந்துருச்சும்மா. ஜெபத்துல உட்காரு, எல்லாம் சரியாயிடும்."

தொலைபேசியில் இதைச் சொன்னவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு அக்கா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் இரண்டு மாதமாகப் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தவில்லை. கேட்டால் ஏதாவது சாக்கு சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறேன். இதையெல்லாம் கவனித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். "சரிக்கா, எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்மாற்றம் என்றால் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப்போவது. அந்தச் சொல்லின் கனம் சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்பதுபோல நமக்கு வந்து சேர்ந்த ஒன்றைச் சொல்கிற சொல் கிடையாது அது; நாம் செய்த ஒன்றைச் சொல்கிற சொல். அன்று ராத்திரி அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே கிடந்தேன். இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த அக்காவோடு இன்றைக்கும் நல்ல பழக்கம்தான். அந்தச் சொல்லோடுதான் எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கி மூன்றாவது வருஷம். ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து "விடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்லிப் படுக்கவைத்தால் கால்மணி நேரத்தில் மறுபடி "விடிஞ்சிருச்சா?". பகலில் எனக்கு வேலை, சாயங்காலம் சபைப் பொறுப்பு. ஆனால் வேலை அதிகம் என்பதால் நான் கலங்கவில்லை. அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விட வேண்டும். இது தூங்கி எழுந்த பிறகும் கட்டிலின் ஓரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. நெருங்கிய சிநேகிதியின் கணவர் இறந்துபோன செய்தி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது "ஐயோ, அங்கே வேற போகணுமே" என்பதுதான். துக்கம் அதற்கப்புறமும் வரவில்லை. ஆராதனையில் பாடும்போது வாய் பாட்டுக்கு அசையும், மனசு வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி அம்மா ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத மனமில்லை. அவர் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது. நோய் அவருக்குச் செய்த ஒரே தயவு அதுதான். எனக்கு அந்தத் தயவு கிடைக்கவில்லை.

நோட்டு

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. சுருள் கம்பி போட்ட நீளமான கோடு போட்ட நோட்டு, மேலே ஒரு ரப்பர் பேண்ட். இடது பக்கம் பெயர், நடுவில் ஜெபக்குறிப்பு, வலது ஓரத்தில் தேதி. ஜெபம் கேட்கப்பட்டது என்று தெரிந்தால் பச்சை மையில் ஒரு டிக். பதினோரு வருஷமாக இப்படி எழுதிவந்தேன், இது ஏழாவது நோட்டு. சபையில் யாருக்கு எது என்றாலும் "அவங்க நோட்டுல எழுதச் சொல்லுங்க" என்பார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். நான் சொல்லவரும் காலத்தில் அதில் அறுபத்து மூன்று பெயர்கள் டிக் விழாமல் இருந்தன. தினமும் நாலைந்து பேரிடமாவது "கண்டிப்பா ஜெபிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபிக்கவில்லை. நோட்டைத் திறப்பேன், முதல் பெயரைப் பார்ப்பேன், "ஆண்டவரே" என்பேன். அடுத்த சொல் வராது. கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீர் மோதுகிற சத்தம் வர வேண்டும், கயிறு மட்டும் போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அக்கா கூப்பிட்ட மறுநாள் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு திட்டம் போட்டேன். காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்கால் ஜெபம். தினமும் மூன்று அதிகாரம். வெள்ளிக்கிழமை உபவாசம். ராத்திரி சரியாகத் தூக்கமே இல்லாதவள் விடியற்காலைத் தூக்கத்தையும் வெட்டி எறிந்தேன். பாரம் தாங்காமல் படுத்துவிட்ட மாட்டின்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றி, இது எழுந்திருப்பதற்கு உதவும் என்று சொல்வதுபோல. ஆனால் அப்போது அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. ஆவிக்குரிய பிரச்சினைக்கு ஆவிக்குரிய மருந்து, அளவு பத்தவில்லை என்றால் கூட்டிப் போட வேண்டியதுதான். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் முழங்காலில் இருந்தபடியே நோட்டின்மேல் கவிழ்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது கன்னத்தில் சுருள் கம்பி வரிசையாகப் பதிந்திருந்தது. அம்மா எனக்கு முன்னால் வந்து நின்று, அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு உன்ன அடிச்சா?"

திரும்பப் படுத்துக்கொண்டான்

அந்தத் திட்டத்தில் உருப்படியாக நடந்தது ஒன்று. தினமும் மூன்று அதிகாரம் என்ற கணக்கில் பைபிளில் 1 இராஜாக்கள் 19-க்கு, எலியா என்ற தீர்க்கதரிசியின் கதைக்கு, வந்து சேர்ந்தேன். இந்தப் பகுதியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதற்கு முந்தின அதிகாரத்தின் வாலாகத்தான் கேட்டிருக்கிறேன். கர்மேல் மலை, பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர், வானத்திலிருந்து அக்கினி, அப்புறம் மழை, எலியா ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிற அந்த ஓட்டம். பிரசங்கம் அங்கே உச்சத்துக்குப் போய்விடும். ராணி யேசபேல் ஆள் அனுப்பி மிரட்டியதும் எலியா பயந்து ஓடியதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில், "பாருங்கள், இவ்வளவு பெரிய தீர்க்கதரிசியே சோர்ந்துபோனார், நாம் சோர்ந்துபோகக் கூடாது" என்ற எச்சரிக்கையாக வரும்.

அந்தக் காலையில் மெதுவாக வாசித்தேன், கண் எரிச்சலில் வேகமாக வாசிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு எலியா தனியாக ஒரு நாள் தூரம் வனாந்தரத்துக்குள் போகிறார். யாரையும் கூட வைத்துக்கொள்ள முடியாத நிலை எனக்குத் தெரிந்த நிலை. ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்கிறார். சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். தூதன் வருகிறான். நான் அந்த இடத்தில் கொஞ்சம் பயத்தோடு நின்றேன், தூதன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்திருந்தும். "எழுந்திருந்து போஜனம்பண்ணு." அவ்வளவுதான். ஏன் ஓடிவந்தாய் என்று கேட்கவில்லை. சாகவேண்டும் என்று கேட்டதைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா சாப்பிடுகிறார், குடிக்கிறார். அதற்கப்புறம் வருகிற இரண்டு சொற்கள் என்னை அன்றைக்கு நிறுத்தின: "திரும்பப் படுத்துக்கொண்டான்."

இத்தனை வருஷம் அந்த இரண்டு சொற்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. தேவதூதன் வந்து தட்டியெழுப்பி, அற்புதமாகச் சாப்பாடு கொடுத்திருக்கிறான். எங்கள் கூட்டங்களில் இதைச் சாட்சியாகச் சொன்னால் அடுத்த வரி "உடனே எழுந்தேன், புதுபெலன் வந்தது, ஓடினேன்" என்றுதான் இருக்க வேண்டும். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கப் போகிறார். தூதனும் "இவ்வளவு செய்தும் தூக்கமா?" என்று கோபித்துக்கொள்ளவில்லை. விட்டுவிடுகிறான். இரண்டாம் தரம் வருகிறபோதும் அதே சாப்பாடுதான். கூட ஒரு வரி மட்டும் சேர்த்துச் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." உனக்கு இது தாங்காது என்று பரலோகமே ஒத்துக்கொள்கிற வரி அது. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருவது ஓரேப் மலையில், நாற்பது நாள் கழித்து. தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, நீண்ட நடை, இவ்வளவுக்கும் பிறகுதான் கர்த்தர் பேச்சைத் தொடங்குகிறார். அங்கே எலியா கேட்ட அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். அதைக் கேட்கிற காது எப்படிக் கிடைத்தது என்று பேசுவதில்லை.

இதை வாசித்ததும் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பைபிளை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். புரிந்ததற்கும் நம்பியதற்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது.

கடைசி பெஞ்சு

அந்த வாரக் கடைசியில் சபையில் ஒரு விசேஷ ஜெபக்கூட்டம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தம்பி வந்திருந்தான், அதனால் போகாமலிருக்கச் சாக்கு இல்லை. ஆறரை மணிக்குத் தொடங்கும். நான் கதவை ஒட்டின கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடலாம் என்ற கணக்கில். நோட்டும் கையில் இருந்தது. ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். முன் பெஞ்சின் முதுகில் நெற்றியைச் சாய்த்தேன், தலை குனிந்திருந்தால் ஜெபிக்கிற மாதிரி இருக்கும். முதல் இரண்டு பேர் ஜெபித்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது மின்விசிறிச் சத்தம் மட்டும். ஆலயம் காலி. பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், எப்போது சாய்ந்தேன் என்றே தெரியாது. என் தலைக்கு மேலே இருந்த விளக்கு மட்டும் அணைந்திருந்தது, விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே விழுந்திருக்க வேண்டிய என் பேனா நோட்டின்மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது. வாசல் பக்கம் ஒரு நாற்காலியில், ஆலயத்தைக் கூட்டித் திறந்து பூட்டுகிற பெரியவர், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மணி என்னங்கய்யா?"

"பத்தாகப் போகுதும்மா."

"கூட்டம்?"

"அது எட்டரைக்கே முடிஞ்சிருச்சு. ஐயா எழுப்பட்டுமான்னு கேட்டாரு. பிள்ளை தூங்கி எத்தன நாளாச்சோ, விடுங்கன்னு சொல்லிட்டேன். தம்பிக்குப் போன் பண்ணச் சொல்லியாச்சு."

எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். ஜெபக்கூட்டத்தில் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன், அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறார்கள். "நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்றேன். "பூட்டணும்லம்மா" என்றார். பிறகு தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

இதை எலியாவோடு ஒட்டவைத்து ஒரு நல்ல சாட்சி சொல்லலாம். தூக்கம், தண்ணீர், தட்டியெழுப்பாத தூதன், எல்லாம் சரியாகப் பொருந்தும். அதனாலேயே இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. அந்தப் பெரியவருக்குத் தூதன் வேலை செய்கிற நினைப்பெல்லாம் கிடையாது, அவருக்குக் கதவைப் பூட்ட வேண்டியிருந்தது, ஒரு ஆள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நோட்டில் இருந்த அறுபத்து மூன்று பேரை நினைத்துக்கொண்டே போனேன். அந்த மூன்று மணி நேரமும் நான் அவர்களில் ஒருவருக்கும் எதுவும் செய்யவில்லை. யாரோ ஜெபித்தார்கள், நான் இல்லாமல். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற 121-ஆம் சங்கீதத்தை நோயாளிகளின் கட்டிலருகே எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். உள்ளுக்குள் நான் என்னவோ அந்த வேலையில் அவருக்கு மாற்றாள் போலத்தான் இருந்திருக்கிறேன். அவர் விழித்திருக்கிறார் என்று பாடுவேன், பாடிவிட்டு நானும் விழித்திருப்பேன்.

ஆறு என்றொரு வினை

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." மத்தேயு 11-ல் இயேசு சொன்னது; சுவரில் மாட்டி மாட்டியே நாம் வாசிக்காமல் விட்ட வசனம். அந்த நாட்களில் இதில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இளைப்பு ஆறுதல். இளைப்பு என்றால் மூச்சு வாங்குதல், களைத்துப்போதல். அது ஆறுகிறது. ஆறு என்ற வினையைக் கவனித்துப் பாருங்கள். புண் ஆறும். கொதித்தது ஆறும். கோபம் ஆறும். எதையும் நாம் முயற்சி செய்து ஆற முடியாது, தானாக ஆற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அல்லது வேறொருவர் ஆற்ற வேண்டும். புண்ணைக் கிளறிக்கொண்டே "ஆறு, ஆறு" என்றால் சீழ்தான் வைக்கும். "ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதா?" என்று ஒரு பழமொழி இருக்கிறதே, நான் பொறுக்காத கட்சி. நாலு மணி, மூன்று அதிகாரம், உபவாசம் எல்லாமே ஆறப் பொறுக்காதவள் செய்த வேலை.

அடுத்த வசனம் என்னை ரொம்ப நாள் படுத்தியது. இளைப்பாறுதல் தருகிறேன் என்று கூப்பிட்டவர் உடனே, "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்கிறாரே. சுமையோடு வந்தவனுக்கு இன்னொரு நுகமா? இதற்கு விடை அதே மத்தேயுவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 23-ஆம் அதிகாரத்தில் அந்தக் காலத்து மதத் தலைவர்களான வேதபாரகரையும் பரிசேயரையும் பற்றி இயேசு சொல்கிறார்: சுமப்பதற்கரிய சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் சுமத்துகிறார்கள், தாங்களோ ஒரு விரலினாலும் அவைகளைத் தொடமாட்டார்கள் என்று. அது உலகக் கவலைச் சுமை இல்லை. பக்தியின் பெயரால் ஏற்றப்பட்ட சுமை. "வாருங்கள்" என்ற அழைப்பு முடிந்து 12-ஆம் அதிகாரம் தொடங்குவதும் ஓய்வுநாள் சண்டையோடுதான். பசித்த சீஷர்கள் கதிர் கொய்து தின்றார்கள், ஓய்வுநாளை மீறிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. ஓய்வைக்கூட ஒரு பளுவாக மாற்றி வைத்திருந்தவர்கள் மத்தியில்தான் அவர் அந்த அழைப்பைக் கொடுத்தார். "ஜெபத்தில் உட்காரு, சரியாகிவிடும்" என்பதும் அந்த மூட்டைகளில் ஒன்றாகிவிட முடியும் என்பதை நான் இந்த வழியாகத்தான் கண்டுகொண்டேன். ஜெபம் அப்படி இல்லை. சோர்ந்தவளுக்குச் சிகிச்சைக் கட்டணமாக அது வசூலிக்கப்படும்போது அப்படி ஆகிவிடுகிறது.

"என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது." சின்ன வயசில் இந்த 'மெதுவாய்' எனக்குக் குழப்பம். நுகம் எப்படி மெதுவாக இருக்கும், மாடு அல்லவா மெதுவாகப் போகும்? பழைய தமிழில் மெது என்றால் மென்மை என்று பிறகு தெரிந்தது. பொது மொழிபெயர்ப்பில் "என் நுகம் அழுத்தாது" என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைத்தனமான தப்பு அர்த்தத்தை நான் இன்னும் விடவில்லை. மெதுவான நுகம். அவசரப்படுத்தாத நுகம். நுகம் இரண்டு மாடுகளுக்கானது, மறுபக்கத்தில் இயேசுவே தோள் கொடுக்கிறார் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். வசனத்தில் அப்படி இல்லைதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனங்களை அனுப்பிவிட்டு

அதற்கப்புறம் சில காரியங்கள் நடந்தன. முதலில் மருத்துவரிடம் போனேன். ஜெபிக்கிறவள் மனநல மருத்துவரிடம் போவதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. போதும் கர்த்தாவே என்ற வார்த்தை என் வாயிலும் ஓரிரு ராத்திரி வந்திருந்ததால் தயக்கத்தைத் தள்ளிவைத்தேன். அவர் கொஞ்ச காலத்துக்கு மாத்திரை கொடுத்தார், நிறையக் கேள்வி கேட்டார். பேச்சு நடுவில் ஒன்று சொன்னார். 'எரிந்து தீர்ந்துபோதல்' என்ற நிலையை 1974-ல் முதலில் விவரித்து எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அதை நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் மனமுவந்து சேவை செய்ய வந்தவர்களிடம்தான் கவனித்தாராம். தன்னிடமும். சோம்பேறிகளிடம் அல்ல, அள்ளிக் கொடுத்தவர்களிடம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தபோது மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தியெல்லாம் வடிந்துபோதல், செய்கிற வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோதல், என்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது அந்த வரையறைக்குள் வராது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் எனக்கு எலியாதான் ஞாபகம் வந்தார். போதும் கர்த்தாவே. நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். என் பிதாக்களைப்பார்க்கிலும் நான் நல்லவன் அல்ல. மூன்றும் வரிசையாக இருக்கின்றன. அந்த நிலையில் இருந்தவரிடம் கர்த்தர் சொன்ன பதில்களில் ஒன்று, பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, எலிசாவை அபிஷேகம்பண்ணு என்பது. நீ ஒருவன் மாத்திரம் இல்லை, உன் வேலையைத் தொடர இன்னொருவனும் இருக்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கியார் ஸ்பர்ஜனை எங்கள் சபையில் மேற்கோள் காட்டாத மாதம் இருக்காது. அவருடைய இருபத்திரண்டாம் வயதில், 1856-ல், லண்டனில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ தீ என்று பொய்யாகக் கத்தியதில் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த இருள் அவரை வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. அதை அவர் தன் மாணவர்களிடம் ஒளிக்காமல் பேசினார். பிற்காலத்தில் குளிர்காலங்களில் பிரான்சின் தெற்குக் கரையில் மெந்தோன் என்ற ஊரில் போய் ஓய்வெடுத்தார், 1892-ல் அங்கேயே இறந்தார். இந்தப் பகுதியை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நோட்டை இன்னொரு சகோதரியிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கை விட மறுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் தொலைபேசியை அணைத்துவைத்தேன். மாற்கு 6-ல் இயேசு சீஷர்களை "சற்றே இளைப்பாறும்படி" தனியிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். போன இடத்தில் கூட்டம் முன்னாலேயே வந்து நிற்கிறது. அந்த ஓய்வு கெட்டுப்போகிறது, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட வேண்டியதாகிறது. இதை வைத்து "பாருங்கள், ஊழியத்தில் ஓய்வே கிடையாது" என்று ஒருவர் பேசக் கேட்டேன். அவர் இன்னும் பத்து வரி வாசித்திருக்கலாம். சாப்பாடு முடிந்ததும் இயேசு சீஷர்களைப் படகேற்றி அனுப்புகிறார், ஜனங்களையும் அனுப்பிவிடுகிறார், தனியாக மலைக்குப் போகிறார். வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறியவர்தான், அவர்களை வீட்டுக்கு அனுப்பவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜெபம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் போன உருவத்தில் வரவில்லை. ரொம்ப நாள் என் சொந்த வார்த்தை ஒன்றும் இல்லாததால் சங்கீதங்களை இரவல் வாங்கினேன். 88-ஆம் சங்கீதம் அதிகமாக உதவியது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதியில் வந்து சேர்ந்துவிடும். இது "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லிவிட்டு அப்படியே இருட்டில் நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு அப்போது பெரிய ஆறுதல். சில நாட்கள் அதை வாசித்துவிட்டு ஆமென்கூடச் சொல்லாமல் படுத்துவிடுவேன். ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது. நான் சட்டென்று நிறுத்திவிட்டேன், கவனித்தால் ஓடிவிடுமோ என்று.

அம்மாவுக்கு இது ஏழாவது வருஷம். என் பெயர் போய்விட்டது. "விடிஞ்சிருச்சா?" மட்டும் இருக்கிறது, இருபத்து மூன்றாம் சங்கீதம் பாதி இருக்கிறது. ராத்திரி எழுந்தால் சில சமயம் அதைச் சொல்ல ஆரம்பிப்பார். எங்காவது தடுக்கும். முன்பெல்லாம் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை மாதிரி அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன், அவர் முழுசாகச் சொல்லி முடித்தால்தான் எனக்குத் திருப்தி. போன வாரம் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும்.

"விடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன். அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து, அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்…"

அங்கே நின்றுவிட்டார். நான் வாயைத் திறந்தேன், பிறகு சும்மா இருந்தேன். இருட்டில் அவர் மூச்சு கொஞ்ச நேரம் அடுத்த வரியைத் தேடுவதுபோல ஏறி இறங்கியது, அப்புறம் சீரானது. போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டேன். விடிய இன்னும் நேரம் இருந்தது. நானும் திரும்பப் படுத்துக்கொண்டேன்.